எக்ஸ் பக்கத்துச் சொற்களும் அப்பா கேட்ட மன்னிப்பும்

1

விழாக் குழுவினருக்கு,

வாசகசாலையின் அறுபதாம் ஆண்டு மலருக்கு வாழ்த்துரை கேட்டு எழுதியிருக்கிறீர்கள். "ஞானராஜ் ஐயா ஜன்னல் வழியே அகராதி வாசித்துக் காட்டியதால் ஆங்கிலம் கற்று, இன்று இங்கிலாந்தில் உயர்ந்து நிற்கும் தாங்கள், ஐயாவின் தொண்டைப் பாராட்டி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்" என்கிறது உங்கள் கடிதம்.

மூன்று முறை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை வயிறு எரிந்தது. மூன்றாம் தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சரி, எழுதித் தருகிறேன் என்று முடிவு செய்தேன். ஆனால் ஒரு பக்கம் போதாது. அச்சடிக்கப் பயமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றக் கூடாது.

2

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, பிராட்ஃபோர்ட் என்ற மழை ஊரில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. காலையில் எழுந்தால் ஜன்னலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மாத்திரை, டீ, செபம், பக்கத்து வீட்டுக்காரியிடம் வானிலை பற்றி நாலு வார்த்தை, அவ்வளவுதான் என் நாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் மகன் டேனியல் வருவான். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் உண்டாக்கும் ஆட்டம் ஒன்று இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. அவனும் நானும் சாப்பாடு ஆகும்வரை அதை ஆடுவோம்.

எக்ஸ் கட்டை என் கைக்கு வந்துவிட்டால் டேனியல் கையைத் தலையில் வைத்துக்கொள்வான். அந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. எந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பொருளையும் சொல்வேன். சரியான பொருளையும் சொல்வேன், ஞானராஜ் சார் சொன்ன பொருளையும் சொல்வேன்.

உங்கள் கடிதத்தை அவனிடம் காட்டினேன். அவன் தமிழ் படிக்க மாட்டான், நான்தான் படித்துச் சொன்னேன். நடந்த கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் சொன்னான்: "அம்மா, நீங்க கோவத்த வளக்கிறீங்க."

"ஆமாண்டா. நாய்க்குட்டி மாதிரி சோறு போட்டு வளக்கிறேன். ஒனக்கென்ன?"

அவன் சிரித்தான். அவனுக்கு அது ஒரு கதை. அவன் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றவன் இல்லை.

3

அறுபதுகளின் கடைசி. மழை எங்களை ஏய்த்துக்கொண்டிருந்த காலம். ஓசூரில் அப்போது தொழிற்பேட்டை கிடையாது, கம்பெனி பஸ் கிடையாது. வேலை என்றால் ராகிக் காடு. அதுவும் இல்லையென்றால் பெங்களூர். என் அப்பா கெலமங்கலம் சந்தையில் மூட்டை தூக்குவார். சந்தை இல்லாத நாளில் நம் மாதா கோயில் வளாகத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார், வாசகசாலை வாசலைப் பெருக்குவார். சந்தையில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், வீட்டில் தமிழ். மூன்றும் பேசுவார், ஒன்றையும் எழுதத் தெரியாது. அதனால் எழுதி வைத்தது எதுவானாலும் அது அவருக்கு வேதம்.

வாசகசாலைப் பொறுப்பு ஞானராஜ் சாரிடம் இருந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கலாம். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. எங்கள் கோயில்தான், பூசையில் எங்களோடு அதே நன்மை அப்பம்தான் வாங்குவார். ஆனால் அவர் டவுன் வீடு, நாங்கள் காலனி. காலனிப் பிள்ளைகள் வாசகசாலைக்குள் நுழையக் கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. நுழைந்ததும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டால், சார் உள்ளேயிருந்து எடுத்து வாசித்துக் காட்டுவார். "கையி பட்டா பக்கம் அழுக்காயிடும்" என்பார். பதினைந்து வயது மூத்தவரான என் அப்பாவை "டேய், இங்க வா" என்பார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார்.

நான் பதினோராம் வகுப்பில் இருந்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு கன்னியர் மடத்தில் ஆங்கிலப் போட்டி வைத்தார்கள். ஆளுக்கு ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு, அந்த எழுத்தில் தொடங்கும் அபூர்வமான சொற்கள் பத்துக்குப் பொருள் சொல்ல வேண்டும். ஜெயிக்கிற பெண்ணுக்குப் பெங்களூரில் நர்ஸ் படிப்புக்கு இடம், தங்கவும் சாப்பிடவும் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம் ஒன்றுதான்.

என்னிடம் அகராதி கிடையாது. யோசித்தேன். சார் பக்கம் புரட்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், எக்ஸ் எழுத்து தொடங்கின பக்கத்திலேயே முடிந்துவிடும். மற்ற பெண்கள் கடலில் முங்கட்டும், நான் இந்தக் கிணற்றை வற்றக் குடித்துவிடுகிறேன் என்று நினைத்தேன். அந்த வயதில் அதைவிடக் கெட்டிக்காரத்தனம் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அது நல்ல யோசனை என்றுதான் சொல்வேன்.

தம்பியின் சிலேட்டை எடுத்துக்கொண்டு மூன்று நாள் போனேன். சிலேட்டில் நாலு சொல்தான் பிடிக்கும். சார் எழுத்துக் கூட்டிச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். பொருள் சொல்வார், பக்கத்திலே எழுதிக்கொள்வேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உருப்போட்டு, அடுத்த நாள் துடைத்துவிட்டு அடுத்த நாலு. பதினொன்றோடு எக்ஸ் முடிந்தது.

ஒன்று மட்டும் அப்போதே கவனித்தேன், ஆனால் புரியவில்லை. எழுத்தைச் சொல்லும்போது சார் புத்தகத்தைப் பார்ப்பார். பொருளைச் சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். 'ஸீபெக்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டபோது தெருவில் ஒரு மாடு சுமையோடு போனது. "பொதி மாடு" என்றார். 'ஸாந்திக்' கேட்டபோது கரி மூட்டை வண்டி போனது. "கரி நெறம்" என்றார். 'ஸெரிக்' கேட்டபோது அப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "ஈரமானது" என்றார். 'ஸீனியல்' என்றால் "பொறாமை பிடிச்ச" என்றார். அப்போது தெருவில் யாரும் இல்லை. கடைசிச் சொல் 'ஸிஃபாய்ட்'. வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார், "மந்தபுத்தி" என்றார். எழுதிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க சார்" என்று கும்பிட்டேன்.

4

அப்பா சந்தை வேலையை விட்டுவிட்டு, இராயக்கோட்டை வழியாக என்னைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப் போனார். மடத்துக் கூடத்தில் முன்வரிசையில் ஞானராஜ் சார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா மகள் விக்டோரியா, தலையில் ரிப்பன். அவளும் போட்டிக்கு வந்திருக்கிறாள் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரியும்.

பெங்களூரிலிருந்து வந்த தலைமைச் சிஸ்டர்தான் நடுவர். மங்களூர்க்காரர், கறார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு என் எழுத்தைக் கேட்டார். "எக்ஸ்" என்றேன். கூடம் முழுக்க 'ஆ' என்றது. சிஸ்டரே நிமிர்ந்து பார்த்தார். என் வாழ்நாளில் அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஸீனியல், பொறாமை என்றேன். சிஸ்டர் புத்தகத்தைப் பார்த்தார், அடுத்ததைக் கேட்டார். ஸாந்திக், கரி நிறம் என்றேன். யாரோ சிரித்தார்கள். ஸெரிக், ஈரம். சிரிப்பு பெரிதானது. ஐந்தாவது சொல்லில் சிஸ்டர் அகராதியை மூடிவிட்டார். "இதையெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் எழுந்தார். "நான்தான் மதர் படிச்சிக் காட்டினேன். பாவம், கூலி வேலை செய்யறவங்க வீட்டுப் பொண்ணு. சொன்னத சரியா புடிச்சிக்கத் தெரியல" என்றார். அவர் குரலில் எவ்வளவு இரக்கம் இருந்தது தெரியுமா? அந்த இரக்கத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சிலேட்டை நானே துடைத்திருந்தேன். காட்டுவதற்கு என் கையில் ஒன்றும் இல்லை.

விக்டோரியா ஜெயித்தாள். ஆறே மாதத்தில், ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது என்று படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அந்த இடம் எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை, வீணாய்ப் போனது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இடம் போனதற்காக இல்லை. போட்டி முடிந்து தாழ்வாரத்தில் நின்றோம். சார் வெளியே வந்தார். அப்பா தலைத்துண்டை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய்க் குனிந்தார்.

"மன்னிச்சிருங்க சாமி. ஒங்க நேரத்த எம் பொண்ணு பாழாக்கிட்டா. நீங்க இம்மாம் பாடுபட்டு சொல்லிக் குடுத்தீங்க."

"பரவால்ல, போ. நாளைக்கு வாசல்ல நல்லா தண்ணி தெளிச்சிடு" என்றார் சார்.

பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, எங் காது நல்லாத்தான் இருக்கு. அவருதான் மாத்திச் சொன்னாரு."

"பொஸ்தகத்துல இருக்கறதத்தான கண்ணு படிச்சாரு? அவரு என்னாத்துக்கு பொய் சொல்றாரு?" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி, என்னைப் படுக்க வைத்து, இரண்டு காதிலும் ஊற்றினார். ஒரு வாரம் விடாமல் ஊற்றினார். அவர் சாகும்வரை என் காதில்தான் கோளாறு என்று நம்பினார். உரக்கப் பேசினால்தான் எனக்குக் கேட்கும் என்று, கடைசிப் படுக்கையில் மூச்சு வாங்கும்போதுகூட என்னிடம் கத்திப் பேசினார்.

5

பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு ஆயாவாகச் சேர்ந்தேன். நாலு வருடம் மலச்சட்டி கழுவினேன். பிறகு ஒரு டாக்டரம்மா பரிந்து பேசி நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டார்.

படிப்பில், இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கும் பாடம் வந்தது. எங்கே கை வைப்பது என்று காட்டும்போது, மார்க்கூட்டின் அடியில் துருத்தி நிற்கும் சின்ன எலும்பைத் தொட்டு, "இது ஸிஃபாய்ட். இதன்மேல் அமுக்காதே, இரண்டு விரல் மேலே போ" என்றார் ஆசிரியை. நான் சிலேட்டில் கடைசியாக எழுதிய சொல். "அப்பிடின்னா என்னங்க மேடம்?" என்று கேட்டேன். "வாள் வடிவம் என்று அர்த்தம்" என்றார்.

அன்றைக்கு மதியமே நூலகத்துக்குப் போய் அகராதியை என் கையால் எடுத்தேன். கையைக் கழுவிவிட்டுத்தான் எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ் பக்கத்தைத் திறந்தேன். ஸீபெக், மூன்று பாய்மரம் கொண்ட கப்பல். ஸாந்திக், மஞ்சள் நிறமானது. ஸெரிக், ஈரமே இல்லாத வறட்சி. ஸீனியல், வந்த விருந்தாளியை அன்பாக உபசரிக்கிற. பதினொன்றும் பொய். ஒன்றாவது தவறிப்போய்ச் சரியாக இருந்திருந்தால் நான் என் காதைச் சந்தேகப்பட்டிருப்பேன். அந்த உபகாரத்தைக்கூட அவர் எனக்குச் செய்யவில்லை. ஊருக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லலாம் என்றால், அதற்கு முந்தின வருடம்தான் அவரை அடக்கம் செய்திருந்தோம்.

பிறகு இங்கிலாந்து. விமான நிலையத்தில் படிவத்தை நீட்டி, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல் என்றேன், அதை விரித்து எழுது என்றார் அதிகாரி. அப்பா பெயரை எழுதினேன். அதோடு ஜெபமாலை என்ற என் பெயர் காகிதத்தில் ஒரு மூலைக்குப் போய்விட்டது. அடுத்த முப்பத்தைந்து வருடம் வார்டில் நான் நர்ஸ் சின்னப்பன். டாக்டர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நோயாளிகள் அப்படித்தான் நன்றி சொன்னார்கள். முதலில் அவர்கள் நாக்கு புரளவில்லை. வயதான ஒரு பெரிய டாக்டர், "சரியாகச் சொல்கிறேனா?" என்று ஒரு வாரம் என்னிடம் சொல்லிக் காட்டிப் பழகினார். கல்யாணம் ஆனபோதும் அதை நான் விடவில்லை; டேனியலுக்கும், அவன் பிள்ளைகளுக்கும் அதுதான் குடும்பப் பெயர். தமிழே தெரியாத அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயருக்கு எழுந்து நிற்கின்றன.

6

என் தம்பி மகள் ஸ்டெல்லாதான் இப்போது நம் வாசகசாலைப் பொறுப்பாளர் என்று உங்களுக்குத் தெரியும். ஞானராஜ் சாருக்குக் கண் பார்வை போய்விட்டது, தனியாகப் படி ஏற முடியாமல் தினமும் மதியம் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறார், அவள் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறாள் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். என் அப்பாவின் பேத்தி ஜன்னலுக்கு உள்ளே, அவர் வெளியே.

உங்கள் கடிதம் வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். "ஸ்டெல்லா, நாளைலருந்து பேப்பர அவருக்கு மாத்திப் படி. வாய்க்கு வந்தத சொல்லு. நாலு பேர்கிட்ட போய் ஒளறட்டும்" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். வெட்கப்படவில்லை.

"எனக்கு மாத்திப் படிக்க வராது அத்தை. பாவம், கண்ணு தெரியாதவரு" என்றாள்.

"எனக்கும் அன்னிக்கு ஒண்ணும் தெரியலையேடி."

அவள் மசியவில்லை. சரி, வேறு வழி பார்த்தேன். போன ஞாயிறு, இங்கே காலை, அங்கே மதியம், உங்கள் குழுக் கூட்டம். சார் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா போனில் ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள். நான் வைக்கச் சொன்னேன். கூடியிருந்த நீங்கள் வாழ்த்து என்று நினைத்தீர்கள். நினைவிருக்கிறதா?

"சார், நான் ஜெபமாலை பேசறேன்."

"ஆங், இங்கிலாந்துப் பொண்ணு! நல்லா இருக்கியாம்மா? ஒன்னப் பத்தித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன்."

"கேள்விப்பட்டேன் சார். ஒரு சந்தேகம். ஸீனியல்னா என்னா சார்?"

சந்தோஷமாகச் சிரித்தார். "வந்தவங்கள நல்லா கவனிக்கறது. விருந்தோம்பல். எல்லாம் ஞாபகம் இருக்கு."

"ஸாந்திக்?"

"மஞ்சள்."

"ஸெரிக்?"

"வறண்டது. நம்ம ஊரு மாதிரி." நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள்.

"ஸிஃபாய்ட்?"

"கத்தி மாதிரி, வாள் மாதிரி இருக்கறது."

"எல்லாம் சரிங்க சார். அப்புறம் அன்னிக்கு எனக்கு ஏன் பொறாமை, கரி, ஈரம், மந்தபுத்தின்னு சொன்னீங்க?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "நீதான் சரியா..." என்று ஆரம்பித்தார்.

"பதினோரு வார்த்தையுமா சார்?"

நாற்காலி திரும்பவும் நகர்ந்தது. பிறகு, "எங்கக்கா மக அப்பா இல்லாத பொண்ணு. எடம் ஒண்ணுதான் இருந்துச்சி" என்றார். உங்களில் ஒருவர் குறுக்கே வந்து, "விடுங்கம்மா, வயசானவரு" என்றார். நீங்கள் சும்மா இருங்கள் என்றேன்.

"மன்னிச்சிரும்மா" என்றார் சார்.

"எனக்கு வேணாம் சார். எங்கப்பா அன்னிக்கு ஒங்ககிட்ட ஒரு மன்னிப்பு கேட்டாரு. அது ஒங்களுக்கு சேர வேண்டியது இல்ல. அத திருப்பிக் குடுங்க. அவரு பேரச் சொல்லி, மன்னிச்சிருங்கன்னு ஒரு தடவ சொல்லுங்க. போதும்."

"ஒங்கப்பா பேரு..." என்று இழுத்தார். "அந்த, வாசல் பெருக்கிக்கினு இருந்தாரே..."

"அவரேதான். பேரு?"

வருடக்கணக்கில் அந்த வாசலைப் பெருக்கியவர். காத்திருந்தேன். பெயர் வரவில்லை. அவர் தணிந்த குரலில் ஸ்டெல்லாவிடம், "ஒனக்குத் தெரியுமாம்மா? என்னா பேரு?" என்று கேட்டது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

"எங்க தாத்தா பேரு எனக்குத் தெரியாதுங்களா சார்?" என்றாள் ஸ்டெல்லா. மேலே ஒன்றும் சொல்லவில்லை.

நான் போனை வைத்துவிட்டேன். எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன். அந்த டீ அவ்வளவு நன்றாக இருந்தது.

7

இதுதான் என் வாழ்த்துரை. ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்துங்கள், படம் திறந்து வையுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. என்னை உருவாக்கியவர் என்று மட்டும் மேடையில் சொல்லக் கூடாது.

மன்னிப்பு இன்னும் வந்து சேரவில்லை. அவருக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது, எனக்கும் வயதாகிறது. அதனால் வழியை நானே சுலபமாக்கித் தருகிறேன். இந்தக் கட்டுரையின் ஒரு பிரதியை ஸ்டெல்லாவுக்கும் அனுப்பியிருக்கிறேன். நாளை மதியம் அவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும்போது அவள் உள்ளேயிருந்து இதை முழுக்க ஒரே ஒரு முறை வாசிப்பாள். எதையும் மாற்றிப் படிக்க மாட்டாள். அவர் தேடுகிற பெயர் ஐந்தாம் பகுதியில், ஒரே ஒரு தடவை வருகிறது. காது நன்றாக இருந்தால் பிடித்துக்கொள்ளட்டும்.